சிரிப்பின் இலக்கு யார்?

2024 ஜூன் திங்களில், கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரம் பிணக்காடாயிற்று. மெத்தனால் கலந்த சாராயத்தைப் பாக்கெட்டில் வாங்கிக் குடித்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கூலிக்கு உழைத்து, கூலி கைக்கு வந்த மாலையிலே நஞ்சைக் குடித்து, விடியுமுன் கண்ணொளி இழந்து, பின் உயிரும் இழந்தனர். மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. அறிவிப்பு வந்ததும் கைபேசித் திரைகளிலே ஒரு சிரிப்பு கிளம்பிற்று. பத்து இலட்சம் ஈட்டக் கள்ளச்சாராயமே குறுக்குவழி என்னும் பொருள்படப் படம் போட்டனர், பகடி எழுதினர், பரப்பினர். பிணம் எரிந்து தணியவில்லை; பகடி பறந்தது!

நாம் நகைச்சுவைக்குப் பகைவரல்லர். இழப்பீட்டுத் தொகையைப் பற்றி வழக்கு மன்றத்திலே வினா எழுந்ததும் உண்மை. அவ்வினாவை எழுப்புவதற்கு எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் கேள்வி வேறு, கெக்கலி வேறு. அந்தக் கெக்கலியின் குலமுறை யாது? அது ஒரே இரவில் முளைத்த காளானன்று. தமிழ்நாட்டின் பழமைபேணும் அரசியல் நகைச்சுவைக்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் தலைவாயிலிலே நிற்பவர் சோ ராமசாமி. அவருடைய கலையை ஆராயாமல், இன்றைய பகடியை அறிந்துகொள்ள இயலாது.

முதலிலே அவருக்குரியதை அவருக்குக் கொடுத்துவிடுவோம். வழக்கறிஞர், நாடகாசிரியர், நடிகர், இதழாசிரியர் எனப் பல துறையிலும் கால் பதித்தவர் சோ. 1968இல் மேடையேறிய அவருடைய 'முகமது பின் துக்ளக்' 1971இல் திரைப்படமுமாயிற்று. 1970 பொங்கல் நாளிலே 'துக்ளக்' இதழைத் தொடங்கினார். 1975இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது, அட்டையைக் கறுப்பாக்கித் தம் எதிர்ப்பைக் காட்டினார். அஞ்சி நடுங்கிய ஏடுகள் பல இருந்த நாளிலே அது துணிவே. எதிரியிடத்திலும் துணிவைக் கண்டால் பாராட்டுவதுதான் பகுத்தறிவாளர்க்கு அழகு.

இனி அந்நாடகத்துக்கு வருவோம். கல்லறையிலிருந்து உயிரோடு எழுந்துவந்தவர்கள் என்று கூறிக்கொண்டு, துக்ளக்காகவும் இபன் பதூதாவாகவும் வேடமிட்ட இருவர் நாட்டை ஏய்க்கின்றனர். துக்ளக் தேர்தலிலே வெல்கிறான்; பிரதமராகிறான். கட்சி மாறித் தன்னிடம் வந்தவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவியை வாரி வழங்குகிறான். அரங்கம் அதிரச் சிரித்தது, சிரிக்கத்தான் வேண்டும்! 1967க்குப் பின்னர் வடநாட்டுச் சட்டமன்றங்களிலே காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி என்று தாவித் திரிந்தவர்களின் முகத்திலே அறைந்த நகைச்சுவை அது. அதிகாரத்தில் உள்ளவனை நோக்கி எய்த அம்பு, குறி தப்பவில்லை.

அதே நாடகத்திலே மற்றொரு நகைச்சுவையும் உண்டு. இந்தியா, ஆங்கிலமா என்னும் சச்சரவைத் தீர்க்கிறான் துக்ளக்; எப்படி? இரண்டும் வேண்டாம், பாரசீகமே ஆட்சிமொழி என்கிறான்! கேட்கும்போது இதுவும் சிரிப்பூட்டுகிறது. ஆனால் சிரித்து முடித்தபின் சற்றே சிந்தியுங்கள். 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்து இந்த நாட்டிலே இளைஞர்கள் தீக்குளித்தனர். துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். திணித்தவனும் எதிர்த்தவனும் ஒரே தட்டிலே நிற்கும் பித்தர்கள், இவர்கள் சண்டைக்குப் பாரசீகமே தக்க மருந்து என்கிறது இந்த நகைச்சுவை. முதல் நகைச்சுவை அநீதியைச் சுட்டிற்று. இரண்டாவது நகைச்சுவையோ நீதி, அநீதி என்ற வேறுபாட்டையே துடைத்தெறிந்தது. மூன்றே ஆண்டுகளுக்கு முன் சிந்திய குருதி, வெறும் கூத்தாகிவிட்டது!

நாடகத்தின் முடிவு இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. வேடத்தைக் கலைத்து உண்மையைச் சொல்ல ஒருவன் முன்வருகிறான். மக்கள் அவனை நம்பினரா? இல்லை. பொய்யனின் பேச்சிலே மயங்கி அவன் பக்கமே நிற்கின்றனர். ஆகவே நாடகத்தின் இறுதிக் குற்றவாளி துக்ளக் அல்லன், மக்கள்! ஆள்பவனை நோக்கிப் புறப்பட்ட அம்பு, வழியிலே திரும்பி வாக்காளனின் மார்பிலே தைக்கிறது. பழமை நையாண்டியின் அடிப்படை இலக்கணம் இதுவென்பது நம் முடிபு. 'எல்லோரும் திருடர்; எதுவும் மாறாது; மாற்றுவதாகச் சொல்பவன் பெருந்திருடன்; அவனை நம்பும் ஏழை முட்டாள்' என்பதே அதன் சாரம். மாற்றம் வேண்டாதவனுக்கு இதனினும் வசதியான தத்துவம் வேறு கிடைக்குமோ? பழமையைப் புகழ்ந்து பாடவேண்டியதில்லை. புதுமையைப் பார்த்துச் சிரித்தால் போதுமே!

இந்தச் சிரிப்பு, படிப்பவனுக்கு ஒரு பரிசும் தருகிறது. 2020 ஜனவரியில் சென்னையில் நடந்த துக்ளக் 50ஆம் ஆண்டு விழாவிலே நடிகர் ரஜினிகாந்த் பேசினார்: கையிலே முரசொலி வைத்திருப்பவரைத் தி.மு.க.காரர் என்றும், துக்ளக் வைத்திருப்பவரை அறிவாளி என்றும் சொல்லிவிடலாம் என்பது அவர் பேச்சின் கருத்து. புகழ்ச்சியாகக் கூறியதே எனினும், நமக்கு அது சிறந்த திறனாய்வாகவே தோன்றுகிறது. ஓர் ஏட்டைக் கையிலெடுத்தவுடன் அறிவாளிப் பட்டம் கிடைக்கிறதென்றால், எதிரே நிற்கும் கூட்டத்துக்கு எந்தப் பட்டம் சூட்டப்படுகிறது என்று விளக்கவும் வேண்டுமோ? கருணாபுரத்துப் பிணங்களைப் பார்த்துச் சிரித்தவனும் இப்படித்தான் தன்னை அறிவாளி என்று எண்ணிக்கொண்டான்.

மறுபுறத்திலே வேறொரு நகைச்சுவை மரபும் இங்கே வளர்ந்தது. அண்ணா கதை உரையாடல் எழுதி 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்திலே, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் கிந்தனார் காலட்சேபம் செய்தார். நந்தனார் கதையை அப்படியே கவிழ்த்துப் போட்ட கதை அது. ஒடுக்கப்பட்ட குடியிலே பிறந்த சிறுவன் கோவிலைத் தேடி ஓடவில்லை. பள்ளியைத் தேடி ஓடினான். ஊரிலே படிப்பு மறுக்கப்பட்டவன், நகரத்திலே படித்துப் பள்ளிகளை மேற்பார்வையிடும் அதிகாரியாகத் திரும்பி வந்தான். அவையோர் வயிறு குலுங்கச் சிரித்தனர். யாரைப் பார்த்து? சிறுவனைப் பார்த்தன்று, அவனுக்கு எழுத்தை மறுத்த வாத்தியாரைப் பார்த்து! அதே படத்திலே மதுவின் கேட்டையும் எடுத்துரைத்தனர். அங்கும் குடிப்பவனுக்கு அறிவுரை உண்டு. ஆனால் அவன் செத்துக் கிடக்கும்போது கைகொட்டிச் சிரிக்கும் கொடுமை இல்லை.

இவ்வளவு சொன்னதால், நம் பக்கம் மாசற்றது என்று மார்தட்டிக்கொள்ள நாம் ஒருப்படோம். எம்.ஆர். ராதாவின் நாடகங்களை ஒடுக்குவதற்கென்றே 1954இல் காங்கிரசு ஆட்சி நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, கலையின் கழுத்தை நெரிக்கிறார்கள் என்று நாம் முழங்கினோம், முழங்கியது முறையே. ஆனால் 1971இல் சேலம் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தைப் பற்றி எழுதிய துக்ளக் இதழின் படிகளைக் கைப்பற்றியது யாருடைய ஆட்சி? தி.மு.க. ஆட்சி. பயன்? இதழின் புகழ் பெருகிற்று. நகைச்சுவைக்கு விடை காவலரின் கைவிலங்கன்று என்னும் பாடத்தைக் காங்கிரசும் கற்கவில்லை, கழகமும் கற்கவில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாதென்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததோ 2013இல்தான்.

மதுவிலும் அதே கணக்கு. அண்ணா காத்த மதுவிலக்கை 1971இல் விலக்கியது தி.மு.க. ஆட்சி, மதுச் சில்லறை விற்பனையை 2003இல் அரசு நிறுவனமாகிய டாஸ்மாக்கிடம் ஒப்படைத்தது அ.தி.மு.க. ஆட்சி. இவற்றைக் குத்திக்காட்டும் நையாண்டி எவரிடமிருந்து வந்தாலும் நாம் கேட்டாக வேண்டும். வலித்தாலும் கேட்டாக வேண்டும். ஆண்டவனின் தவற்றை எள்ளும் உரிமையை நாம் மறுக்கவில்லை. மாண்டவனின் வறுமையை எள்ளும் மனத்தையே கண்டிக்கிறோம்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்கிறது கல்வராயன் மலை. சாராயம் என்றவுடன் அம்மலையின் பெயரைச் சொல்லி நகைப்பது வழக்கமாகிவிட்டது. அங்கே காய்ச்சுவோர் இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் உண்மையை முழுமையாகப் பாருங்கள். மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழும் அம்மலை, 1976 வரையில் மூன்று ஜாகீர்தாரர்களின் பிடியிலே கிடந்தது. நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டுக்குப் பின்னும் அங்கே ஜாகீர்! சாராயச் சாவுக்குப் பின், 2024இல், சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அம்மக்களின் வாழ்நிலையை வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை முதலிய அடிப்படை வசதிகள் எங்கே என்று அரசைக் கேட்டது. நையாண்டி எழுதுவோர் கேட்டிருக்கவேண்டிய கேள்வியை நீதிபதிகள் கேட்டனர்!

மற்றொன்று: கருணாபுரத்தைக் கொன்றது மலையிலே காய்ச்சிய ஊறலன்று, மெத்தனால். அது தொழிற்சாலைப் பொருள். உடலுக்குள் சென்று பார்மிக் அமிலமாக மாறிப் பார்வையைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். அதை வாங்க, விற்க, வைத்திருக்க உரிமம் வேண்டும், கணக்கு வேண்டும், மேற்பார்வை வேண்டும். அந்த நஞ்சு ஆலையிலிருந்து புறப்பட்டு, இடைத்தரகர் கை மாறி, காவல் நிலையமும் நீதிமன்றமும் அருகே இருக்கும் ஒரு குடியிருப்புக்கு வந்து, பாக்கெட்டிலே அடைபட்டு விற்பனையாகிறது! இந்தப் பயணத்தின் ஒவ்வொரு படியிலும் எள்ளி நகையாட எத்தனை இடம் இருந்தது! உரிமப் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். காணாத கண்களைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். முந்தைய ஆண்டு, 2023இல், மரக்காணத்திலும் செங்கற்பட்டிலும் இதே மெத்தனால் கொன்றபின்னும் விழிக்காத ஆட்சியைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். அத்தனையையும் விட்டுவிட்டு, கைம்பெண்ணின் கையிலே விழுந்த பணத்தைப் பார்த்துச் சிரிக்கிறான் என்றால், அவனுக்குக் குறைவு நகைச்சுவை உணர்வன்று, நெஞ்சம்.

அந்த அறிவிப்பிலே பகடிக்காரர் படிக்காத பகுதியும் ஒன்று உண்டு. தாயையும் தந்தையையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய், அவர்கள் பெயரிலே 5 இலட்சம் ரூபாய் வைப்புத்தொகை, படிப்புச் செலவு. இவை பிள்ளைகளின் கையிலே ஒழுங்காகச் சேர்கின்றனவா என்று காவல் காப்பதே நம் வேலை. கருணாபுரத்துப் பிள்ளை நாளைக்குக் கிந்தனாராகி, அதிகாரியாகத் திரும்பி வருமா, அல்லது அதுவும் பாக்கெட்டைத் தேடிப் போகுமா? பத்து இலட்சத்தைப் பற்றிய பகடிக்கு இந்தக் கேள்வி தெரியாது.

இளைஞர்களே! துக்ளக்கைத் தடை செய் என்று கூவாதீர்கள்; பகடிப் படம் போட்டவனைச் சிறையிலடை என்றும் கேட்காதீர்கள். அது நம் வழியன்று. 1971 நமக்குப் போதிய பாடம். அந்த நாடகத்தைப் படியுங்கள். நகைச்சுவை எங்கே வெல்கிறது, எங்கே வழுக்குகிறது என்று பிரித்துப் பாருங்கள். உங்கள் பக்கத்துப் பகடியையும் அதே தராசிலே நிறுத்துங்கள். எதிர்க்கட்சித் தலைவனின் உடலையும் உச்சரிப்பையும் கேலி செய்து கைதட்டு வாங்குகிறோமே, அந்தச் சிரிப்பு எந்த வகை? அதனால் எந்த ஏழையின் வீட்டிலே விளக்கு எரிந்தது?

அடுத்த முறை கைபேசியிலே ஒரு நையாண்டி வந்து, அதைப் பிறருக்கு அனுப்பக் கை துடிக்கும்போது, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதைக் கண்டு நாணவேண்டியவன் யார்? ஆள்பவனென்றால் அனுப்புங்கள், அவன் நம்மவனேயாயினும் அனுப்புங்கள். கருணாபுரத்துக் கூலிக்காரனென்றால், கல்வராயன் மலையிலே சாலைக்குக் காத்திருப்பவனென்றால், நிறுத்துங்கள். நாணவேண்டியவர் நாம்.