சாம்பல் மீது எழுந்த கோயில்கள்

ஏற்காட்டு மலைமேல் எகிப்துப் பாடம் நடத்தினேன். “செத்த அரசனுக்கா கோயில்!” என்று நகைத்தது வகுப்பு. நியாயமான நகைப்பு! ஆனால், அது நைல் ஆற்றங்கரையோடு நின்றுவிடுவானேன்?

மாண்ட அரசரை அடக்கம் செய்த இடத்திலே எழுந்த கோயிலுக்குப் பள்ளிப்படை என்று பெயர். ஆதித்த சோழனுக்கு அவன் மகன் முதலாம் பராந்தகன் எழுப்பினான். ஆற்றூரிலே மாண்ட பாட்டன் அரிஞ்சயனுக்கு மேல்பாடியிலே எழுப்பினான், 985 முதல் 1014 வரை ஆண்ட இராசராசன். அதன் பெயர் அரிஞ்சிகை ஈச்சுரம். சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்குப் பழையாறைப் பகுதியிலே எழுப்பினான் இராசேந்திரன். உள்ளே இலிங்கம், பெயரோ மாண்டவருடையது! அந்தப் பஞ்சவன்மாதேவி ஈச்சுரம் இன்று இராமநாதன் கோயிலாம். அரசி மறைந்தாள், ஆண்டவன் மிஞ்சினான்!

சாவு வீட்டானைத் தீட்டென்று வாயிலிலே நிறுத்தும் சாத்திரம், அரசர் வீட்டுச் சாம்பலைக் கண்டு ஏன் வாய் மூடிற்று? மானியம் வந்தது; தீட்டு பறந்தது. வேறு விளக்கம் இருந்தால் வைதிகர் கூறட்டும்.

எகிப்திலாவது உழைத்தவன் குரல் கேட்கிறது. மூன்றாம் இராம்சேசின் 29-ஆம் ஆட்சியாண்டு, கி.மு. 1157 அளவில், கூலித் தானியம் வராமையால் அரசர் கல்லறைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். பழைய மன்னன் மூன்றாம் துத்மோசின் ஈமக்கோயிலின் பின்புறம் சென்று அமர்ந்தனர். பசியும் தாகமும் எங்களை இங்கே கொணர்ந்தன என்றனர். அதனை நாணற்றாளிலே எழுதியும் வைத்தான் ஓர் எழுத்தன்!

நம் கல்வெட்டுகளோ, நந்தா விளக்குக்கு ஆடு 96 என்று கணக்குக் கூறும். கல் சுமந்தவன் உண்டானா என்று கேட்கும் கல்வெட்டை நான் இன்னும் படித்ததில்லை.