இல்லத்தார் கூற்றும் திறனாய்வும்: ‘நந்தனார்’ படத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

திரைப்படத்தை அரங்கிற்குச் சென்று காணுதலே முன்னாளில் வழக்கமாக இருந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் தொடங்கப்பெற்ற பின்னர்ப் பழைய படங்கள் இல்லத்திற்குள் புகுந்தன. இன்று கைபேசியிலும் காணப்பெறுகின்றன. காண்போர் தம்முள் பேசிக்கொள்ளும் கருத்துகள் திறனாய்வு என்னும் பெயர்க்கு உரியனவோ என்பதே ஈண்டு எழும் வினா. கற்றோர் பலர் அவற்றைப் பொழுதுபோக்குப் பேச்சென ஒதுக்குவர். முற்றும் ஒதுக்குதலும் முற்றும் தழுவுதலும் தவறு என்பது இக்கட்டுரையின் துணிபு.

அண்மையில் சிதம்பரத்தில் உறவினர் ஒருவர் இல்லத்தில் ஜெமினி நிறுவனத்தாரின் ‘நந்தனார்’ படத்தைப் பலரோடு இருந்து கண்டோம். 1942இல் வெளிவந்த இப்படத்தை முருகதாசா இயக்கினார். தண்டபாணி தேசிகர் நந்தனாராகவும் செருகளத்தூர் சாமா வேதியராகவும் நடித்தனர். படம் முடிந்தபின் மூன்று கருத்துகள் எழுந்தன. இளைஞர் ஒருவர், ‘பாட்டு மிகுதி; தள்ளிவிட்டுப் பார்த்தால் அரை மணியில் முடியும்’ என்றார். முதியவர் ஒருவர் கண்களைத் துடைத்துக்கொண்டு, ‘அந்த வேதியரைப் போன்ற கொடியவரைச் சேக்கிழார்தாம் காட்ட வல்லவர்’ என்றார். பள்ளியிற் பயிலும் பெண், ‘அவர் ஏன் நெருப்பில் இறங்க வேண்டும்?’ என்று கேட்டாள்.

முதற்கருத்தை முதலில் நோக்குவாம். இது காலமறியாமையால் எழுந்தது. அக்காலப் படங்கள் நாடக மேடையிலிருந்தும் கதாகாலட்சேப மரபிலிருந்தும் வந்தவை, நடிப்போரே பாடினர். தேசிகர் திருச்செங்காட்டங்குடி ஓதுவார் மரபினர். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து இசைத்துறையிற் பணியாற்றியவர். அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது 1941இல். அடுத்த ஆண்டே இப்படம் வந்தது. தமிழில் பாடுவதே ஒரு வழக்காடலாக இருந்த காலத்தில், இப்படத்துப் பாடல்கள் கதைக்கு இடையீடு அல்ல, கதையே அவைதாம். பாடலைத் தள்ளிக் காண்பவர் நூலின் செய்யுளை விடுத்து உரைநடைக் குறிப்பை மட்டும் படிப்பவரை ஒப்பர். எனினும் இல்லத்தாரின் கண் எப்போதும் பிழைபடுவதன்று. ‘திருவருட்செல்வர்’ (1967) படத்தைக் கடலூரில் கண்டபோது, அப்பராக வந்த சிவாஜி கணேசனின் உருவும் இருப்பும் காஞ்சிப் பெரியவரை நினைவூட்டுவதாக ஒரு மூதாட்டி கூறினார். அவரை மனத்திற்கொண்டே அவ்வேடத்தை அமைத்ததாக நடிகரே கூறியிருத்தல் அறியத்தக்கது.

இரண்டாவது கருத்து மெய்ப்பாட்டின் வழி வந்தது. தொல்காப்பியனார் கூறிய எட்டனுள் அழுகையும் வெகுளியும் அம்முதியவரிடத்து ஒருங்கே தோன்றின. உணர்வு மெய்யானது; சான்றுதான் பிழைபட்டது. பெரியபுராணத்துத் திருநாளைப்போவார் வரலாற்றில் நந்தனாரைத் தடுக்கும் ஆண்டை ஒருவர் இல்லை. அவரைப் படைத்தவர் 19ஆம் நூற்றாண்டினரான கோபாலகிருஷ்ண பாரதியார். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்தபின்பே தில்லைக்குச் செல்லலாம் என்னும் கட்டளையும் அவர் படைப்பேயாம். சேக்கிழார் காட்டும் தடை ஒரு மனிதரின் கொடுமை அன்று. நந்தனார்தம் உள்ளத்திலேயே பிறப்புப் பற்றிப் பதிந்து கிடந்த அச்சம். அதற்குப் பாரதியார் ஊனும் உருவும் தந்தார்; படம் அவ்வுருவைக் கண்முன் நிறுத்தியது. முதியவரின் சினம் பாரதியார்க்குக் கிடைத்த வெற்றி என்க.

இங்கு ஒரு நிகழ்ச்சி நினைவிற்கு வருகின்றது. பாரதியார் தம் கீர்த்தனை நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அணுகியபோது, இலக்கணப் பிழை கருதிப் பிள்ளையவர்கள் தயங்கினார்கள். பின்னர்ப் பாரதியார் பாடக் கேட்டு உருகியே பாயிரம் தந்தார்கள். இதனை உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். பெரும்புலவரும் செவியால் வெல்லப்பட்ட அவ்விடத்தில் இல்லத்து முதியவர்க்கும் புலவர்க்கும் வேறுபாடு சிறிதேயாம்.

மூன்றாவது கருத்தே தலையாயது. அப்பெண்ணின் வினாவுக்கு யாம் முதலில் கூறிய விடை, ‘படத்தில் உள்ளவை பல பாரதியாரின் கற்பனை’ என்பது. அவ்விடை வேதியருக்குப் பொருந்தும், நெருப்புக்குப் பொருந்தாது. தில்லைத் திருமதிற்புறத்தே தீ மூட்டப்பெற்றதும், நந்தனார் அதனுட் புகுந்து முனிவர் வடிவுடன் வெளிப்பட்டதும் சேக்கிழார் பாடியவையே. ஆகவே யாம் விடை கூறவில்லை, வினாவைத் தவிர்த்தோம். இதனை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

வீடு திரும்பி நூல்களை மீண்டும் நோக்கியபோது அவ்வினாவின் ஆழம் புலனாயிற்று. சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவார் பெயரளவில் போற்றப்படுகின்றார். நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியில் ஆதனூர் என்னும் ஊரும், பிறப்பின் இழிவு நீங்கியதும், முனிவரானதும், தில்லை மூவாயிரவர் கைகூப்பியதும் உள்ளன, தீ சொல்லப்படவில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரிடத்தே தீயைக் காண்கின்றோம். அம்பலவன் அருளே போதும் என நின்ற ஒரு வரலாற்றில் தீ ஏன் இடம்பெற்றது? சேக்கிழார் கேட்டறிந்த தில்லை வழக்கோ, கோயிற்புக உரிமையற்றாரை உள்ளே காட்டுதற்குக் கவிஞர் கண்ட வழியோ? நம்பி சுருக்கம் கருதி அதனை விடுத்தார் என்று கூறவும் இடமுண்டு. எதுவாயினும், ‘ஏன்’ என்ற பெண் ஆராய்ச்சியாளன் கேட்க வேண்டியதனையே கேட்டாள். பெரியபுராணத்தைப் பன்முறை பாடஞ் சொல்லியும் அவ்வினாவை யாம் எழுப்பியதில்லை. பழகிய நூல் வினாவை உறங்கச் செய்துவிடும் என்பதற்கு எம் நிலையே சான்று.

ஆகவே இல்லத்தார் கூற்றுகளை ஒருபடித்தாகக் கொள்ளாது வகுத்துக் காண்டல் வேண்டும். அளவும் வேகமும் பற்றிய கூற்று காலவரலாற்றால் திருத்தத்தக்கது. உணர்வு பற்றிய கூற்று நூற்சான்றால் தெளிவுபடுத்தத்தக்கது, அவ்வுணர்வு மறுக்கத்தக்கதன்று. அறம் பற்றிய வினாவோ திருத்தவும் தெளிவுபடுத்தவும் அன்று, விடையளிக்கத்தக்கது. முதுகலை மாணவர் தம் இல்லத்தில் இத்தகைய வினாக்களைக் கேட்குங்கால் குறித்துவைத்து, மூலநூல்களோடு ஒப்பிட்டு ஆராய்வாராக. அப்பெண்ணுக்கு யாம் தரவேண்டிய விடை இன்னும் நிலுவையில் உள்ளது. சுந்தரர், நம்பி, சேக்கிழார், பாரதியார் ஆகியோர் கூறியவற்றை வரிசைப்படுத்தி, இன்னது இன்னாரிடத்து உளது, இன்னது இலது என அவளிடம் சொல்லத் தொடங்குவதே எம் அடுத்த பணியாகும்.