சிரீல் கிமார்: காருக்குள்ளிருந்து வந்த குரல்

சைக்கிள் பந்தயத்தில் அணி இயக்குநர் என்பவர் வீரர்களுக்குப் பின்னால் காரில் வருபவர். எப்போது முன்னால் பாய்வது, யார் யாருக்காக உழைப்பது என்று தீர்மானிப்பவர். பிரெஞ்சு இயக்குநர் சிரீல் கிமார் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் நேரே 1976-க்குப் போய்விடுவார்கள். அப்போது அவருக்கு வயது 29, இயக்குநராக முதல் டூர் டி பிரான்ஸ். பிரனீஸ் மலையில் லூசியன் வான் இம்பே பாயத் தயங்கியபோது, போகாவிட்டால் காரால் இடித்துத் தள்ளிவிடுவேன் என்று மிரட்டினார் என்பது கதை. வான் இம்பே போனார், பட்டமும் வென்றார்.

கதை சுவாரசியம்தான். ஆனா கிமாரின் திறமையை அதில் தேடுவது வீண் என்று நினைக்கிறேன். தேட வேண்டியது 1977-இல். அந்த வசந்தத்தில் 22 வயது பெர்னார் இனோ லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ் பந்தயத்தை வென்றிருந்தார். எந்த இயக்குநரும் அவரை உடனே டூருக்கு இழுத்துப் போயிருப்பார். கிமார் "இப்ப வேணாம்" என்று நிறுத்தி வைத்தார். மறு வருடம் இனோ தன் முதல் டூரிலேயே பட்டம் வென்றார்.

இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது? என் ஊகம், முழங்காலிலிருந்து. 1972 டூரில் கிமார் எடி மெர்க்ஸை விடாமல் துரத்தினார். கடைசி நாட்களில் முழங்கால் வலி தாங்காமல் விலகினார், இரண்டாம் இடத்தில் இருக்கும்போதே. உடம்பை அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த பாடம் இல்லை.

1976 முதல் 1984 வரை அவருடைய வீரர்கள் ஏழு டூர் வென்றார்கள்: வான் இம்பே ஒன்று, இனோ நான்கு, லோரான் ஃபின்யோன் இரண்டு. அதற்கப்புறம் ஒன்றுகூட இல்லை. ஏன்?

வான் இம்பே வென்ற அடுத்த வருடமே வேறு அணிக்குப் போனார். 1983-இல் இனோ, நானா அவரா என்று ரெனோ நிறுவனத்திடம் கேட்டார். ரெனோ கிமாரை வைத்துக்கொண்டது. அடுத்த டூரில் ஃபின்யோன் இனோவைப் பத்து நிமிடத்துக்கு மேல் பின்தள்ளியதும் அந்த முடிவு சரியென்றே தெரிந்திருக்கும். ஆனா 1985 பட்டம் புது அணியில் இனோவுக்குப் போனது. 1986 பட்டம் கிமாரிடம் தொழில் தொடங்கி, பின் விலகிய கிரெக் லெமாண்டுக்கு. 1989-இல் ஃபின்யோன் எட்டே நொடியில் தோற்றதும் அதே லெமாண்டிடம்தான்.

இளைஞரைக் காக்க வைக்க கிமாருக்குத் தெரிந்தது. அந்த இளைஞர் வளர்ந்து எதிர்த்துப் பேசும்போது காது கொடுக்கத் தெரியவில்லை என்பது என் வாசிப்பு. அந்தக் கார் மிரட்டலை வீரமாகச் சொல்லிச் சொல்லியே இந்தக் குறையை நாம் பார்க்காமல் விட்டுவிட்டோம்.