180 ரூபாய் மீட்டரும் நாலு சக்கர பைக்கும்

மாமாவின் நாலு சக்கர பைக் வல்லத்துக்கு வந்து சேர்ந்தது குட்டி யானையின் முதுகில். புதுச்சேரிப் பக்கம் ஏதோ ஒரு கடற்கரையில், சுற்றுலா வந்தவர்களைச் சுமந்து மணலில் ஓடிக் களைத்த வண்டி. 125 சிசி, சீனத் தயாரிப்பு. ஸ்டிக்கரெல்லாம் உரிந்துபோய் எந்தக் கம்பெனி என்று சொல்ல முடியாத நிலை. பதிவெண் கிடையாது, எனவே திண்டிவனம் ரோட்டில் ஏற்றக் கூடாது. "ரோட்டுல யாரு ஓட்டப் போறா? மல்லாட்டைக் கொல்லையைச் சுத்தி வரத்தான்" என்றார் மாமா.

ஏ.டி.வி. என்று உலகம் அழைக்கும் இந்த வண்டிக்கு நம் ஊரில் ஒரு விசித்திரமான இடம் உண்டு. காரும் இல்லை, பைக்கும் இல்லை. போலாரிஸ் நிறுவனம் தன் ஸ்போர்ட்ஸ்மேன் 570 வண்டியைச் சாலையில் ஓட்டும்படி இந்தியாவில் விற்க வந்தபோது டிராக்டர் என்ற பெயரில்தான் கொண்டுவந்தது. அது பல லட்சம் விலை. மாமாவுடையது அந்த ஜாதி அல்ல. ஆனால் ஒயரிங் என்று வந்துவிட்டால் இரண்டுக்கும் பகை ஒன்றுதான்: தண்ணீர், சேறு, உப்பு, அதிர்வு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. மறுநாள் காலைக் கணக்குப்படி 24 மணி நேரத்தில் மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. மழை. மயிலம் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. மாமாவின் கொட்டகையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று, இரண்டு நாள் கழித்து வடிந்தது. வண்டி காய்ந்ததும் சாவியைத் திருப்பி செல்ஃப் பட்டனை அழுத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு ஒரு முனகல், அவ்வளவுதான். ஹெட்லைட்டும் எரியவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் பேட்டரி போச்சு என்றார்கள். மாமா செஞ்சிக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கி மாட்டினார். 'டக்', முனகல்.

அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார். என்னிடம் இருந்தது ஒரு மஞ்சள் மல்டிமீட்டர், டி.டி. 830டி. பத்துப் பதினைந்து பெயர்களில் ஒரே உடம்போடு எல்லா எலக்ட்ரிகல் கடைகளிலும் தொங்கும் சமாச்சாரம். 180 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இந்த மீட்டரை நம்பி வண்டி ரிப்பேர் செய்யலாமா? ஒரு வாரம் கொல்லை மேட்டில் உட்கார்ந்து பார்த்த பிறகு என் பதில்: செய்யலாம். ஆனால் இதில் எல்லாரும் முதலில் தொடுகிற வசதிதான் ஏமாற்றும், யாரும் தொடாத ஒரு வசதிதான் காப்பாற்றும்.

முதலில் மீட்டரைப் பற்றி. திரையில் 1999 வரைதான் எண் வரும், அதற்கு மேல் போனால் இடது ஓரத்தில் ஒரு '1' மட்டும் நிற்கும். ஆட்டோ ரேஞ்ச் கிடையாது. நடுவில் உள்ள திருகைச் சுற்றி நீங்களேதான் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பன்னிரண்டு வோல்ட் வண்டிக்கு டிசி 20 என்ற இடத்தில் வைத்தால் போதும். உள்ளே 9 வோல்ட் பேட்டரி. அது இறங்கிவிட்டால் மீட்டர் அளவைக் கூட்டிக் காட்டும், 13.9 வோல்ட் காட்டும் பேட்டரியைப் பார்த்து வண்டிக்காரர் பூரித்துப்போன கதைகள் உண்டு. வெளிச்சமில்லாத கொட்டகையில் திரையைப் படிக்க போன் டார்ச் வேண்டும். கூட வரும் ஒயர்கள் மெல்லியவை. கூர்முனை இரண்டு மாதத்தில் ஆட ஆரம்பிக்கும். இதெல்லாம் 180 ரூபாய்க்குப் பொறுத்துக்கொள்ளக்கூடியது.

பொறுத்துக்கொள்ள முடியாதது ஒன்று இருக்கிறது: 10 ஆம்பியர் துளை. அதற்கு ஃபியூஸ் இல்லை என்பதை மீட்டரின் முகத்திலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். கரண்ட் அளக்கச் சிவப்பு ஒயரை அந்தத் துளையில் செருகிவிட்டு, மறந்துபோய் அப்படியே பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தீர்களானால், மீட்டர் ஒரு வெறும் கம்பியாக மாறி பேட்டரியை ஷார்ட் செய்யும். என் சிவப்பு முனை கறுத்திருப்பது அந்த அனுபவத்தில்தான். வேலை முடிந்ததும் ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றி வைப்பதை, செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவது மாதிரி பழக்கிக்கொள்ள வேண்டும். அதேபோல வீட்டு மின்சாரத்தை இதை வைத்து அளக்காதீர்கள். 750 வோல்ட் என்று போட்டிருப்பதை நான் நம்பத் தயாரில்லை.

இனி வண்டி. பழைய பேட்டரியை அளந்தேன்: 12.5. லெட் ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.6-க்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் வெறும் வயிறு. ஆக, தூக்கிப்போட்ட பேட்டரி நல்ல பேட்டரி. வெறும் வோல்ட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாதுதான், செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அடித்துப் பார்த்தோம், 10.8-இல் நின்றது. பத்துக்கு மேல் நின்றால் பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. மாமாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஹெட்லைட்டுக்கு வந்தேன். பல்பைக் கழற்றி கப்ளரில் மீட்டர் முனைகளை வைத்தால் 12.3 வோல்ட். பல்பும் நல்ல பல்புதான். மாட்டினால் எரியாது. இங்கேதான் மீட்டர் முதல் பொய்யைச் சொன்னது. மீட்டர் தன் வழியே ஏறக்குறைய கரண்டே ஓட விடாது. அதன் உள்தடை பத்து லட்சம் ஓம்ஸ் அளவு. ஒயருக்குள் மற்ற இழைகளெல்லாம் அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும், துருவும் ஈரமும் வழியாகக் கொஞ்சம் கசிந்தாலும், மீட்டருக்குப் பன்னிரண்டு வோல்ட் தெரியும். சும்மா நிற்கிற வோல்ட் அது, வேலைக்கு ஆகாதது.

செஞ்சியிலிருந்து வந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் என் மீட்டரைப் பார்த்துச் சிரித்தார். அவர் சட்டைப் பையில் இருந்தது ஒரு இண்டிகேட்டர் பல்பும் அதில் பற்றவைத்த இரண்டு ஒயரும். "மீட்டரு நம்பரு சொல்லும் சார், பல்புதான் உண்மையைச் சொல்லும்." கருப்பு ஒயரைச் சேஸிஸில் வைத்து, சிவப்பை வழிநெடுக ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஃபியூஸுக்கு முன்னால் பளிச். ஃபியூஸுக்குப் பின்னால் செத்த வெளிச்சம். ஃபியூஸ் ஹோல்டரைப் பிரித்தால் உள்ளே பச்சை பூத்திருந்தது. அதோடு ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாள் சுற்றியிருந்தது, கடற்கரைக்காரர்களின் கைவண்ணம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முறையான ஃபியூஸ் வைத்ததும் லைட் வந்தது. பல்பு கரண்டைக் குடிக்கும், அதனால் மெலிந்த பாதை அதனிடம் மறைந்துகொள்ள முடியாது.

நான் மீட்டரை மூட்டை கட்டப் பார்த்தேன். ஆனால் செல்ஃப் விஷயத்தில் பல்பும் தோற்றது.

அண்ணன் பேட்டரி பிளஸ்ஸுக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவில் பல்பைப் பிடித்தார். பளிச் என்று எரிந்தது. எர்த் நன்றாக இருக்கிறது, செல்ஃப் மோட்டார்தான் போச்சு, கழற்றணும் என்றார். நானும் மீட்டரைப் பீப் சத்தம் போடும் இடத்தில் வைத்து எர்த் கேபிளின் இரு முனையிலும் தொட்டேன். பீப் என்றது. ஓம்ஸில் வைத்தேன், 0.4. இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலும் 0.4, அதாவது அது மீட்டர் ஒயரின் தடை. கேபிளில் கோளாறே இல்லை என்றுதானே எவருக்கும் தோன்றும்?

பீப் எதற்கு அடிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இந்த வகை மீட்டர்களில் ஐம்பது ஓம்ஸ் பக்கம் இருந்தாலே போதும், அடித்துவிடும். இந்த அளவு வண்டியின் செல்ஃப் மோட்டார் சுமார் 60 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதையில் 0.06 ஓம்ஸ் தடை இருந்தால்கூட 60-ஐ 0.06-ஆல் பெருக்கினால் 3.6 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். அந்த 0.06-ஐ இந்த மீட்டரின் ஓம்ஸ் அளவு பார்க்கவே முடியாது. அது காட்டும் மிகச் சிறிய படியே 0.1. பல்புக்கும் தெரியாது. சின்ன பல்பு ஒரு ஆம்பியருக்கும் குறைவாகத்தான் குடிக்கிறது, அந்தத் தடையில் அது இழப்பது வோல்ட்டில் நூறில் சில பங்கு. கண்ணுக்குப் பளிச்சென்றே எரியும்.

வழி இருக்கிறது, அதே 180 ரூபாய்க்குள்ளேயே இருக்கிறது. தடையை ஓம்ஸில் தேடாமல், கரண்ட் ஓடும்போது தொலைகிற வோல்ட்டில் தேட வேண்டும். சிவப்பு முனையை இன்ஜின் உடம்பில் பெயிண்ட் இல்லாத இடத்தில் அழுத்தினேன். கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் தலையில் வைத்தேன். மேலே மாட்டிய டெர்மினலில் இல்லை, பேட்டரியின் ஈயத் தலையிலேயே. "மாமா, இப்ப செல்ஃப் அடிங்க." டிசி 200 மில்லிவோல்ட்டில் வைத்திருந்த திரையில் வெறும் '1' நின்றது. 20-க்கு மாற்றி மறுபடி அடிக்கச் சொன்னேன். 3.4 வோல்ட்.

எர்த் பக்கம் மொத்தமும் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பேட்டரியிலிருந்து கிளம்பும் பத்துச் சொச்சம் வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கை ஒரு முழ நீளக் கேபிள் தின்றுகொண்டிருக்கிறது. முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்தினேன். ஈயத் தலைக்கும் டெர்மினலுக்கும் இடையே 30 மில்லிவோல்ட், சரி. டெர்மினலுக்கும் கேபிளுக்கும் இடையே ஊக்கால் ரப்பரைக் குத்திப் பார்த்தேன்: 40. கேபிளின் மறுகோடியில், இன்ஜினில் போல்ட் போட்ட வளையத்துக்குச் சற்று முன்னால் குத்தினால் அப்போதும் சின்ன எண்தான். வளையத்தைத் தாண்டியதும் 3.3. ரப்பரைக் கத்தியால் கீறினோம். செம்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பொடி கொட்டியது. வெளியே வளையம் பளபள, உள்ளே பிடிப்பில் உப்பு. கடற்கரையிலேயே ஆரம்பித்த நோயைப் புயல் தண்ணீர் முடித்து வைத்திருக்கிறது.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. தன் பெட்டியிலிருந்து ஒரு தடித்த கேபிளை எடுத்து மைனஸிலிருந்து நேராக இன்ஜினுக்கு வைத்துப் பிடித்தார். இன்ஜின் சட்டென்று சுற்றியது. "இன்னா சார் இது, மோட்டாரை அவுத்திருப்பேனே" என்றார். அன்றிலிருந்து அவரும் அதே மீட்டர் ஒன்றை வைத்திருக்கிறார். பல்பையும் விடவில்லை, விடவும் கூடாது.

சுற்றியதே தவிர ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கில் ஸ்பார்க் இல்லை. இதை நீட்டத் தேவையில்லை. இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் ஸ்பார்க்கைக் கொடுக்கும் சி.டி.ஐ. பெட்டியிலிருந்து கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர் ஒன்று கில் சுவிட்சுக்குப் போகும். அந்த ஒயர் எர்த்தானால் ஸ்பார்க் நின்றுவிடும், அதுதான் அணைக்கும் வழி. சுவிட்சுக்குள் தண்ணீர் புகுந்தால் வண்டி எப்போதும் அணைந்தே கிடக்கும். ஒயரைக் கழற்றினோம், ஸ்பார்க் வந்தது. கழற்றிய நிலையில் சாவியால் நிறுத்த முடியாது என்பதை முன்பே யோசித்துச் சோக்கை இழுத்து நிறுத்த ஒருவரைத் தயாராக வையுங்கள். கைப்பிடியின் சுவிட்சைப் பிரித்து உலர்த்தியதும் சரியானது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: ஸ்பார்க் வரும் தடித்த ஒயரின் பக்கம் மீட்டர் முனையைக் கொண்டு போகாதீர்கள். பல்லாயிரம் வோல்ட் பாய்கிற இடம், மீட்டர் அங்கேயே உயிரை விடும். தள்ளி வைத்தாலும் அந்த இரைச்சலில் திரை எண்கள் பேய் பிடித்த மாதிரி ஆடும்.

சார்ஜிங் நன்றாகவே இருந்தது. ஐடிலில் 12.9, ஆக்ஸிலரேட்டர் முறுக்கினால் 14.2. பதினைந்தைத் தாண்டினால்தான் ரெகுலேட்டரைச் சந்தேகிக்க வேண்டும், முறுக்கியும் 13 ஏறாவிட்டால் காயிலையும் அதன் கப்ளரையும்.

இன்னொரு மீட்டரையும் அந்த வாரம் கையில் வைத்துப் பார்த்தேன், நண்பனுடைய கிளாம்ப் மீட்டர். ஒயரை வெட்டாமல் தாடையால் கவ்விக் கரண்டை அளப்பது. வண்டி வேலைக்கு என்று சொல்லி இதைக் கடைக்காரர் நீட்டினால் ஒரு கேள்வி கேளுங்கள்: டிசி ஆம்பியர் அளக்குமா? மலிவான கிளாம்ப்கள் பலவும் வீட்டு ஏசி கரண்டை மட்டும்தான் அளக்கும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரிக் கேபிளைக் கவ்வினால் சும்மா பூஜ்யம் காட்டும். டிசியும் அளக்கிற கிளாம்ப் பல மடங்கு விலை. நாள் முழுக்க வண்டி பார்க்கிறவர் வாங்கலாம். ஒரு டிராக்டர், ஒரு மோட்டார் பைக், இந்த மாதிரி ஒரு விளையாட்டு வண்டி வைத்திருக்கும் வீட்டுக்கு மஞ்சள் மீட்டரும், பழைய இண்டிகேட்டர் பல்பில் செய்த ஒரு டெஸ்ட் லேம்ப்பும், இரண்டு ஊக்கும் போதும். குத்திய ஓட்டைகளை இன்சுலேஷன் டேப்பால் மூடிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மழைக்கு நீங்களே பச்சைப் பொடியை விதைத்தவர் ஆவீர்கள். கழற்றிய ஒவ்வொரு டெர்மினலுக்கும் மாட்டிய பிறகு கொஞ்சம் வாஸ்லின்.

புது எர்த் கேபிள் போட்டு அதே சோதனையை மறுபடி செய்தோம். 200 மில்லிவோல்ட் அளவிலேயே 90 காட்டி நின்றது. மாமா கொல்லையை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்து இறங்கினார். "அப்போ அந்தப் பழைய பேட்டரி?" என்று கேட்டார்.

அது இப்போது மோட்டார் கொட்டகையில் இருக்கிறது. கரண்ட் போன ராத்திரிகளில் ஒரு எல்.இ.டி. பட்டையை எரிக்கிறது. போன வாரம் அளந்தேன், 12.4.