தீருவின் வீழ்ச்சியும் தீர்க்கதரிசன நிரூபணமும்

நம் சபைகளிலே பிரசங்க பீடத்திலிருந்தும் கைப்பிரதிகளின் வாயிலாகவும் அடிக்கடி எடுத்துரைக்கப்படும் வாதங்களுள் ஒன்று, நிறைவேறிய தீர்க்கதரிசனங்களே கிறிஸ்தவ விசுவாசத்திற்கு மறுக்கவொண்ணாத அத்தாட்சி என்பதாகும். இவ்வாதம் புதியதன்று. இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தீன், தம் முதலாம் தற்காப்புரையில், இதனையே தலைசிறந்த நிரூபணமாகக் கொண்டார். நான்காம் நூற்றாண்டில் யூசேபியஸ் இதன்மேல் ஒரு பெருநூலையே எழுப்பினார். பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்காலும் இதனைப் பெரிதாகப் போற்றினார். இத்துணை மூத்த வாதமொன்றை எளிதில் ஒதுக்கிவிடுதல் தகாது. எனினும், அது இன்று கையாளப்படும் முறை திருமறைக்கு உண்மையாயிருக்கிறதா என்று ஆராய்வது நம் கடமை.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியொன்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நம் இறையியல் மாணவர் ஒருவர், கல்லூரி மாணவர் கூட்டமொன்றில், தீரு பட்டணத்தைப்பற்றி எசேக்கியேல் உரைத்தவை எழுத்துக்கு எழுத்து நிறைவேறின என்று ஆணித்தரமாகப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் எழுந்து, தன் கையிலிருந்த வேதாகமத்தில் எசேக்கியேல் இருபத்தொன்பதாம் அதிகாரத்தைத் திறந்து, பதினெட்டாம் வசனத்தை உரக்க வாசித்துவிட்டு அமர்ந்தான். நம் மாணவருக்கு மறுமொழி இல்லை. மறுநாள் அவர் என்னிடம் வந்து, “ஐயா, இந்த வசனம் இருப்பதை எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை?” என்று கேட்டார். அவர் கண்களில் இருந்தது வெட்கம் மட்டுமன்று, ஐயமுமாகும். இளம் போதகனாயிருந்தபோது நானும் அதே பிரசங்கத்தை அதே உறுதியோடு செய்தவன். ஆதலால் அவருக்கு நான் கடன்பட்டிருந்த விடையையே இங்கு எழுதுகிறேன்.

1. தீருவைப் பற்றிய வாதமும் வரலாறும்

எசேக்கியேல் 26ஆம் அதிகாரம், எருசலேம் விழுந்த காலத்தை ஒட்டிய தேதியைத் தாங்கியுள்ளது. எருசலேமின் அழிவைக் கண்டு தன் வாணிபம் பெருகும் என்று களித்த தீருவுக்கு எதிராகப் பல ஜாதிகள் அலைகளைப்போல் எழும்பும் என்றும், நேபுகாத்நேச்சார் அதன் மதில்களைத் தகர்ப்பான் என்றும், அதன் கல்லும் மரமும் மண்ணும் தண்ணீரின் நடுவே போடப்படும் என்றும், அது வலைகளை விரிக்கும் வெறும் பாறையாகி, இனிக் கட்டப்படாது என்றும் தீர்க்கதரிசி உரைக்கிறார்.

வாதிப்போர் கூறுவது இதுவே: நேபுகாத்நேச்சார் கரையிலிருந்த பழைய பட்டணத்தை அழித்தான், கி.மு. 332இல் மகா அலெக்சாந்தர் அதன் இடிபாடுகளைக் கடலில் கொட்டி, தீவிலிருந்த பட்டணம்வரை பாதை அமைத்து, ஏழு மாத முற்றுகைக்குப்பின் அதைப் பிடித்தான். இவ்வாறு கல்லும் மண்ணும் தண்ணீரில் போடப்பட்டன. இவ்விணைப்பு வியப்புக்குரியதே. அலெக்சாந்தரின் பாதையும் கட்டுக்கதையன்று; அதன் இருமருங்கிலும் மணல் சேர்ந்ததால் அத்தீவு இன்று கரையோடு இணைந்த முனையாயிருக்கிறது.

ஆனால் கதை இங்கு முடிவதில்லை. நேபுகாத்நேச்சார் தீருவைப் பதின்மூன்று ஆண்டுகள் முற்றுகையிட்டான் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். தீரு பாபிலோனின் மேலாட்சியை ஏற்றதாகத் தோன்றுகிறது; ஆனால் தீவிலிருந்த பட்டணம் அழிக்கப்படவில்லை. இதற்குச் சாட்சி எசேக்கியேலே. கி.மு. 571ஐக் குறிக்கும் தேதியோடு 29:17–20இல் அவர் மீண்டும் பேசுகிறார்: தீருவுக்கு எதிராகப் பாடுபட்டுத் தலை மொட்டையாகி, தோள் உரிந்துபோன பாபிலோனியச் சேனைக்குக் கூலி கிடைக்கவில்லை, ஆகையால் எகிப்து அதற்கு ஈடாகக் கொடுக்கப்படும். கல்லூரி மாணவன் வாசித்தது இப்பகுதியையே.

அலெக்சாந்தருக்குப் பின்னும் தீரு மடியவில்லை. இருபது ஆண்டுகளுக்குள்ளேயே அந்திகோனஸ் அதைப் பிடிக்கப் பதினைந்து மாதங்கள் முற்றுகையிட வேண்டியிருந்தது. நம் ஆண்டவர் அதன் எல்லைகளுக்குச் சென்றார் (மாற். 7:24). பவுல் அங்கே ஏழுநாள் தங்கினார் (அப். 21:4). நான்காம் நூற்றாண்டில் அங்கு கட்டப்பட்ட பேராலயத்தின் பிரதிஷ்டையில் உரையாற்றியவர், தீர்க்கதரிசன நிரூபணத்தின்மேல் பெருநூல் எழுதிய அதே யூசேபியஸ்! 1124இல் சிலுவைப்போர் வீரர் அதைப் பிடித்தனர். 1291இல் மம்லூக்கியர் அதைக் கைப்பற்றினர். இன்று அது லெபனோன் நாட்டில் ‘சூர்’ என்னும் பெயரோடு மக்கள் வாழும் பட்டணம். அதன் தொல்லிடங்கள் 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இவ்விடர்ப்பாட்டை நவீன விமரிசகர் கண்டுபிடித்தனர் என்று எண்ணுவது தவறு. ஜெரோம் தம் எசேக்கியேல் விளக்கவுரையில், தம் காலத்திலே பெனிக்கேயாவின் மிக அழகிய பட்டணமாய் விளங்கிய தீருவை, இனிக் கட்டப்படாது என்று எவ்வாறு கூறலாம் என்னும் வினாவைத் தாமே எழுப்புகிறார். பழைய மேலாண்மை திரும்பாது என்பதே பொருள் என்று விடையும் தருகிறார். அவ்விடையை ஏற்பதும் ஏற்காததும் வேறு. வினாவை அவர் வாசகரிடமிருந்து மறைக்கவில்லை என்பதே நாம் கற்கவேண்டியது.

2. எண்களின் மயக்கம்

இருபதாம் நூற்றாண்டில் இவ்வாதம் கணித ஆடை அணிந்துகொண்டது. அமெரிக்கக் கணித ஆசிரியர் பீட்டர் ஸ்டோனர், மேசியாவைக் குறித்த எட்டு முன்னறிவிப்புகள் ஒரே மனிதரில் தற்செயலாக நிறைவேறுவதற்கான வாய்ப்பு, ஒன்றுக்குப்பின் பதினேழு சுழியங்கள் இட்ட எண்ணில் ஒரு பங்கே என்று கணக்கிட்டார். டெக்சாஸ் மாநிலம் முழுவதும் இரண்டடி உயரம் வெள்ளி நாணயங்களைப் பரப்பி, அவற்றுள் அடையாளமிட்ட ஒன்றைக் கண்கட்டிய மனிதன் முதன்முறையே எடுப்பதுபோல் என்பது அவர் தந்த உவமை. 1972இல் வெளிவந்த ஜாஷ் மக்டவலின் நூல் இதனை உலகெங்கும் பரப்பியது. நம்மவர் பலர் இதனை மூலம் அறியாமலே மேற்கோள் காட்டுகின்றனர்.

இக்கணக்கில் இரு குறைகள் உள. முதலாவது, பெருக்கப்பட்ட எண்கள் எவையும் அளந்து பெறப்பட்டவையல்ல, வகுப்பறையில் மதிப்பிடப்பட்டவை. ஊகத்தை ஊகத்தால் பெருக்கினால் கிடைப்பதும் ஊகமே. இரண்டாவது, இந்நிகழ்ச்சிகள் ஒன்றோடொன்று தொடர்பற்ற தற்செயல்கள் என்று கணக்கு கொள்கிறது. ஆனால் எருசலேமுக்குள் கழுதையின்மேல் ஏறிச்சென்ற ஆண்டவர் சகரியாவின் வாக்கை அறிந்தே அவ்வாறு செய்தார். அது தற்செயலன்று, அடையாளச் செயல், அறிந்து ஏற்ற கீழ்ப்படிதல். சுவிசேஷகரும் பழைய ஏற்பாட்டை அறியாதவராய் எழுதவில்லை. அதன் சொற்களாலேயே தம் சாட்சியை நெய்தனர். இவ்வாறு அறிந்து செய்யப்பட்டதையும் அறிந்து எழுதப்பட்டதையும் சூதாட்டக் கணக்கில் இட்டுப் பெருக்குவது, சுவிசேஷத்தை உயர்த்துவதாகத் தோன்றி, அதன் உட்பொருளை இழக்கச் செய்கிறது.

3. வேதமே தரும் அளவுகோல்

தீர்க்கதரிசனத்தைச் சோதிக்கும் முறையை வேதம் எவ்வாறு கற்பிக்கிறது? உபாகமம் 18:22, சொன்னது நடவாவிடில் அது கர்த்தர் சொன்னதன்று என்கிறது. இதனை நாம் நன்கு அறிவோம். ஆனால் அதற்குமுன் 13:1–3இல் உள்ளதை மறந்துவிடுகிறோம்: ஒருவன் சொன்ன அடையாளம் நடந்தேறினாலும், அவன் அந்நிய தேவர்களைப் பின்பற்ற அழைப்பானாகில், அவனுக்குச் செவிகொடுக்கலாகாது. நடந்தேறுதல் மட்டுமே உண்மையின் முத்திரையன்று என்பது இதனால் தெளிவாகிறது. அவ்வாக்கு எந்தத் தேவனிடம் நம்மை இட்டுச்செல்கிறது என்பதே முதற்கேள்வி.

இன்னொரு சான்று இதனினும் ஆழமானது. சீயோன் வயலைப்போல் உழப்படும் என்று மீகா உரைத்தார் (3:12). எசேக்கியா ராஜாவின் நாட்களில் அது நடவாதபோது, மீகாவைக் கள்ளத் தீர்க்கதரிசி என்று எவரும் தள்ளவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப்பின் எரேமியாவின் உயிர் ஊசலாடிய வேளையில், மூப்பர்கள் மீகாவையே சான்று காட்டினர்: ராஜா கர்த்தருக்குப் பயந்தான், கர்த்தர் தாம் சொன்ன தீங்கைச் செய்யாமல் மனம் மாறினார் (எரே. 26:17–19). நடவாத தீர்க்கதரிசனம் ஒரு தீர்க்கதரிசியின் உயிரைக் காத்தது! எரேமியா 18:7–10இல் குயவன் வீட்டில் கற்ற பாடமும் இதுவே. நினிவேயில் யோனா கசப்போடு கற்றதும் இதுவே. தீர்க்கதரிசி வருங்காலத்தை முன்கூட்டி எழுதிவைக்கும் சோதிடன் அல்லன். மனந்திரும்புதலுக்கு அழைக்கும் தேவனுடைய தூதன்.

தீருவைக் குறித்தும் வேதம் ஒரே குரலில் பேசவில்லை. அதன் ஆதாயம் ஒருநாள் கர்த்தருக்குப் பரிசுத்தமாகும் என்று ஏசாயா 23ஆம் அதிகாரம் முடிகிறது. சீயோனில் பிறந்தோராக எண்ணப்படுவோருள் தீருவையும் சேர்க்கிறது சங்கீதம் 87. எசேக்கியேலின் நியாயத்தீர்ப்பை மட்டும் பிடுங்கியெடுத்து ‘நிறைவேறியது’ என்று முத்திரையிடுவோர், இவ்விரு பகுதிகளையும் என்ன செய்வர்? 2024 அக்டோபரில் போர் விமானங்கள் அப்பட்டணத்தைத் தாக்கின. அந்த இடிபாடுகளைக் கண்டு, வேதம் மெய்யாயிற்று என்று ஒருவன் மகிழ்வானாகில், அவன் நிற்பது எசேக்கியேலோடு அல்ல. அயலாரின் அழிவில் களித்ததற்காக எசேக்கியேலால் கண்டிக்கப்பட்ட பழைய தீருவோடேயாம்.

4. எஞ்சி நிற்பது எது?

அப்படியானால் இவ்வாதத்தில் ஒன்றுமே நிலைக்காதா? நிலைக்கும். எருசலேம் விழாது என்று அனனியா இனிமையாய்ப் பேசிய நாளில், விழும் என்று எரேமியா பேசினார் (எரே. 28). எருசலேம் விழுந்தது. தங்களைக் கண்டித்த வாக்குகளையே அம்மக்கள் பாதுகாத்து, தங்கள் திருமறையாக்கிக் கொண்டனர். தன் தோல்வியைத் தன் தேவனுடைய நீதியாக ஏற்று, அதனால் அழியாமல் மீண்ட இவ்வினத்தின் வரலாறு, எண்களால் அளக்கவொண்ணாத பாரமுடையது.

அவ்வாறே, 1947இல் சாக்கடலோரக் குகையில் கண்டெடுக்கப்பட்ட ஏசாயா சுருள், கிறிஸ்துவுக்கு முந்திய காலத்தது. பாடநுபவிக்கும் தாசனைப்பற்றிய 53ஆம் அதிகாரம் கிறிஸ்தவர் பின்னாளில் புனைந்து சேர்த்ததன்று என்பதை அது ஐயமற நிலைநாட்டியது. ஆனால் அத்தாசன் யார் என்பதைச் சுருள் சொல்லவில்லை. அதனைச் சொல்வது சாட்சி.

இங்குதான் ‘நிறைவேறுதல்’ என்னும் சொல்லின் பொருளைக் கவனிக்க வேண்டும். எகிப்திலிருந்து குமாரனை அழைத்ததைப்பற்றி மத்தேயு எழுதுகையில் (2:15) ஓசியா 11:1ஐக் காட்டுகிறார். ஆனால் ஓசியா வருங்காலத்தைக் கூறவில்லை. கடந்துபோன யாத்திரையை நினைவுகூர்ந்து, அடுத்த வசனத்திலேயே இஸ்ரவேலின் துரோகத்தை எண்ணி வருந்துகிறார். முன்னறிவிப்பும் நிகழ்ச்சியும் என்னும் கணக்கில் இவ்வசனம் அடங்காது. மத்தேயு வழங்கும் கிரேக்கச் சொல்லோ நிரப்புதல், முழுமையாக்குதல் என்று பொருள்படும். மீன்களால் நிறைந்த வலைக்கும் அவர் அச்சொல்லையே ஆளுகிறார் (13:48). குமாரனாகிய இஸ்ரவேல் தவறவிட்ட கீழ்ப்படிதலை, குமாரனாகிய இயேசு நிறைவாக்கினார் என்பதே அவர் கருத்து. தேவன் தொடங்கிய வரலாறு அவரில் விளிம்புவரை நிரம்பியது.

எம்மாவு வழியில் நடந்த சீஷர் இருவரும் தீர்க்கதரிசனங்களை அறியாதவர்களல்லர். அவ்வறிவு அவர்களுக்கு விசுவாசத்தைத் தரவில்லை. உயிர்த்தெழுந்தவர் அருகில் வந்து வேதவாக்கியங்களை விளக்கிய பின்பே அவர்கள் இருதயம் கொழுந்துவிட்டது (லூக். 24:27, 32). இவ்வரிசையை நாம் மாற்றலாகாது. தீர்க்கதரிசனம் கிறிஸ்துவை நிரூபிக்கும் வெளிச்சாட்சி என்பதைவிட, கிறிஸ்துவே தீர்க்கதரிசனத்தைத் திறக்கும் திறவுகோல் என்பது புதிய ஏற்பாட்டிற்கு நெருங்கிய கூற்றாகும்.

5. நம் ஊழியத்திற்கு

இவ்வாறு கூறுவதால் எளிய விசுவாசிகள் இடறுவார்களே என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் என்னிடம் வந்த மாணவரை இடறச்செய்தது எசேக்கியேல் 29ஆம் அதிகாரமன்று. அதனை அவரிடம் மறைத்த நம் போதனையே. தம் வாக்கு எதிர்பார்த்த வண்ணம் நடவாததை எசேக்கியேல் தம் கையாலேயே எழுதிவைத்தார். அதனை அழிக்காமல் தலைமுறைகள் பிரதியெடுத்தன. தீர்க்கதரிசிக்கு இருந்த நேர்மை அவரை நிரூபிக்க முற்படும் நமக்கும் வேண்டும். நம்பிக்கையைக் குறித்து உத்தரவுசொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று கட்டளையிட்ட அப்போஸ்தலன் (1 பேது. 3:15), சாந்தத்தையும் வணக்கத்தையும் அதனோடு சேர்த்தே வேண்டினார்.

அம்மாணவர் இன்று ஒரு கிராமச் சபையின் ஆயர். தீருவைப்பற்றி அவர் இன்றும் பிரசங்கிக்கிறார். ஆனால் 26ஆம் அதிகாரத்தோடு நிறுத்துவதில்லை. மகளுக்காக மன்றாடிய சீரோபெனிக்கேயப் பெண்ணையும், பவுலை வழியனுப்ப மனைவி மக்களோடு வந்து தீருவின் கடற்கரையில் முழங்காற்படியிட்ட விசுவாசிகளையும் (அப். 21:5) சேர்த்தே கூறுகிறார். வெறும் பாறையாகும் என்று நியாயந்தீர்க்கப்பட்ட கரையிலே தேவனுடைய சபை ஜெபித்தது. எந்தப் பெருக்கற்கணக்கிலும் அடங்காத இந்நிறைவேறுதலையே நாம் அஞ்சாமல் அறிவிக்கலாம்.