அழக்கூடாத ஆம்பிளைப் பிள்ளைகள்

திருகோணமலைக் கரையோர வீடுகளில் ஆண் பிள்ளை ஐந்து வயதைத் தாண்டிவிட்டால், அவன் அழுகைக்கு அடிக்கடி கிடைக்கும் பதில் இது: "ஆம்பிளைப் பிள்ளை அழுறதோ? வாயைப் பொத்து." அதே பிள்ளை பதினாறு வயதில் கூட்டாளிகளோடு பியர்ப் போத்தலைத் திறந்தால், "ஒரு குறையும் வைக்காமல்தானே வளர்த்தோம்" என்று வீடு திகைக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்றே நினைக்கிறேன்.

அதற்காக இந்த அடக்கும் பழக்கத்தைக் கொடுமை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவதும் நியாயமில்லை. 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல கிளிவெட்டி போன்ற முகாம்களில் ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் கிடந்தன. தகரத்துக்கு அப்பால் இன்னொரு குடும்பம். வெளியே போனால் சோதனைச் சாவடி. அங்கே "சத்தம் போடாதே" என்பது உயிர்காக்கும் சொல். கடலுக்குப் போகிறவர் வீட்டிலும் அப்படித்தான்: தகப்பன் திரும்பாத இரவில் தாய் தன் பயத்தை விழுங்காவிட்டால் அடுப்பு எரியாது. சுனாமிக்குப் பிறகு பல வீடுகளை நிமிர்த்தியதும் இந்த வைராக்கியமே. ஆபத்துக் காலத்து ஒழுங்கை ஆபத்து முடிந்த பிறகும் பிள்ளை வளர்ப்பு முறையாக வைத்திருப்பதில்தான் பிழை.

உளவியலாளர் ஜோன் கொட்மனும் சக ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் 56 குடும்பங்களைப் பின்தொடர்ந்தது. பிள்ளையின் கோபத்தையும் துக்கத்தையும் கவனித்து, இன்னதென்று பெயர் சொல்லி, நடத்தைக்கு மட்டும் எல்லை போட்ட பெற்றோரின் பிள்ளைகள் தம்மைத் தாமே ஆற்றிக்கொள்வதில் தேறியிருந்தார்கள். அந்தத் திறன் வாய்க்காத பிள்ளைக்குச் சாராயம் குறுக்குவழி. யாரிடமும் எதையும் சொல்லத் தேவையில்லை. வெறியில் அழுதால் யாரும் கேலியும் செய்யார். நம் ஊரில் ஆணுக்கு அனுமதிக்கப்பட்ட அழுகை அது ஒன்றுதான்.

ஆனால் இத்தகைய ஆய்வுகளை அப்படியே இங்கே இறக்கிவிட முடியாது. சுபாவத்திலேயே முரண்டு பிடிக்கும் பிள்ளைதான் பெற்றோரைக் கடுமையாக்கியதோ என்ற கேள்வியும் எஞ்சுகிறது. வடகிழக்கில் தகப்பனின் குடியை விட்டுவிட்டுப் பேசவும் இயலாது. வடகிழக்குத் தமிழ் மாணவர்களிடையே கிளாவ்டியா கட்டானி குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டு வன்முறையோடு போர் அனுபவத்தையும் தகப்பனின் குடியையும் சேர்த்தே காட்டியது. மனத்துயருக்கு மருந்து போத்தல் என்று தகப்பன் தினமும் செய்து காட்டும்போது, தாயின் ஆறுதல் சொல் எவ்வளவு தூரம் போகும்?

அந்தச் சொல்லைச் சொல்லத் தாயே அருகில் இல்லாத வீடுகளும் உண்டு. மூதூர், கிண்ணியாப் பக்கம் தாய் மத்திய கிழக்குக்குப் போன வீடுகளில் பிள்ளையின் முறைப்பாட்டைக் கேட்பவர் அம்மம்மாவோ உம்மம்மாவோ, இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் தெரியும் முகம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போவதை 2013இல் அரசு கட்டுப்படுத்தியது. 2022இல் அதை இரண்டு வயதாகக் குறைத்தது. பேச்செல்லாம் கைக்குழந்தையைச் சுற்றியே நடந்தது, வளர்ந்த மகனைப் பற்றி அல்ல. தாய் போனதால் மகன் கெட்டான் என்பதோ ஊரின் சோம்பல் பேச்சு. இருக்கிற தகப்பன் மகனோடு நாளுக்கு எத்தனை வார்த்தை பேசுகிறான் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அழுகையைக் கேட்பதென்றால் கேட்டதெல்லாம் கொடுப்பதாகாது. கோபித்த பிள்ளைக்குப் புதுப் போனும் கைக்காசும் கொடுத்துச் சமாளிப்பதும் வாயைப் பொத்துவதன் இன்னொரு வடிவமே. சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவும் முடியாது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்பதைத் தடுக்கிறது. ஆனால் களவாகக் கசிப்புக் காய்ச்சுகிறவன் வயது கேட்பதில்லை.

ஆகவே பெற்றோர் கூட்டத்துக்குத் தாய்மார் மட்டும் வந்தால் போதும் என்ற எண்ணத்தைப் பாடசாலைகள் விடட்டும். கரைவலை இழுக்காத ஒரு பின்னேரத்தில் தகப்பன்மாரைக் கூப்பிடுங்கள். வரமாட்டார்கள் என்றால் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்துக்கு நீங்களே போங்கள்.