பின்னோக்கிப் பாயும் குண்டு

“படம் ஒன்றும் புரியவில்லை சார். ஆனால் பிரமாதம்!” இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் ‘டெனெட்’ படத்தைப் பற்றி என்னிடம் இப்படிச் சொன்னான். புரியாத ஒன்று எப்படிப் பிரமாதமாகும் என்று கேட்டேன். “பெரியவர்கள் எல்லாரும் பாராட்டியிருக்கிறார்களே, எனக்குத்தான் பௌதிகம் போதவில்லை” என்றான். இந்தப் பதில்தான் என்னை உறுத்தியது. படம் புரியாமற் போனதற்கு அவனுடைய பௌதிகம் மட்டுந்தான் காரணமா?

கிறிஸ்டோபர் நோலன் இயக்கி 2020-இல் வெளிவந்த உளவுப் படம் இது. இரண்டரை மணி நேரம் ஓடுகிறது. காட்சி நுட்பத்திற்காக ஆஸ்கார் பரிசும் பெற்றது. இதன் ஒரு பகுதி மும்பையில் படமாக்கப்பட்டது. டிம்பிள் கபாடியா ஆயுத வியாபாரியாக நடித்திருக்கிறார். படத்தின் பெயரை ஆங்கிலத்தில் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே, நம் ‘விகடகவி’யைப் போல. கதையும் அப்படித்தான். முன்னோக்கிச் செல்பவர்களும் காலத்தில் பின்னோக்கி வருபவர்களும் ஒரே இடத்தில் மோதிக் கொள்கிறார்கள்.

முதலில் ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். வசனங்கள் பல இடங்களில் காதில் விழவே இல்லை. இசையும் இரைச்சலும் அவற்றை விழுங்கிவிடுகின்றன. போதாக்குறைக்குப் பாத்திரங்கள் முகமூடி அணிந்து பேசுகிறார்கள். இந்தக் குழப்பத்திற்கும் பௌதிகத்திற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. மாணவன் இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

அடுத்தது கருத்து. ஒரு பொருளின் என்ட்ரோபியைத் திருப்பிவிட்டால் அது காலத்தில் பின்னோக்கிச் செல்லும் என்கிறது படம். சுவரில் பதிந்த குண்டு துப்பாக்கிக்குள் திரும்பி வருகிறது. ஆனால் என்ட்ரோபி என்பது மின்னூட்டத்தைப் போல ஒரு பொருளில் ஏற்றி இறக்கக்கூடிய சரக்கா? போல்ட்ஸ்மான் 1877-இல் காட்டியது வேறு. அது எண்ணிக்கை பற்றிய கணக்கு. ஒரு பெட்டியில் நூறு மூலக்கூறுகள் இருப்பதாகக் கொள்வோம். அவை அனைத்தும் தாமாகவே இடப்பாதியில் வந்து சேர்வதற்குள்ள வாய்ப்பு, 1-ஐ அடுத்து 30 சுழிகள் கொண்ட எண்ணில் ஒன்று. பத்து கிராம் ஈயக் குண்டிலோ 3-ஐ அடுத்து 22 சுழிகள் அளவுக்கு அணுக்கள் உள்ளன. அவை மட்டும் ஒத்துழைத்தாலும் போதாது. சுவரின் துகள்களும் இடையிலுள்ள காற்றும் துப்பாக்கியின் புகையும் சேர்ந்து திரும்ப வேண்டும். அது போகட்டும், அந்தச் சுவரைக் கட்டிய கொத்தனார் குண்டை உள்ளே வைத்தா கட்டினார்?

இருந்தாலும் ஓரிடத்தில் படம் என்னை அசத்திவிட்டது. காலம் திரும்பிய நிலையில் உள்ள நாயகன் தீப்பற்றிய காரில் சிக்குகிறான். அவன் உடல் வேகவில்லை. குளிரில் விறைத்துப் போகிறது! வேடிக்கையாகத் தோன்றினாலும் கணக்குச் சரியே. உலகத்தின் கடிகாரப்படி, விறைத்திருந்த உடலுக்குத் தீயிலிருந்து வெப்பம் பாய்ந்து அது சாதாரண நிலைக்கு வருகிறது. இதையே அவனுடைய கடிகாரப்படி பின்னிருந்து படித்தால், சாதாரணமாக இருந்தவன் தீயருகே வெப்பத்தை இழந்து விறைக்கிறான். அவனுடைய நுரையீரல் வெளிக்காற்றை ஏற்காது என்பதற்காக முகமூடி கொடுத்ததும் நல்ல யோசனைதான்.

நுரையீரலைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டவர்கள் கண்ணை மறந்துவிட்டார்கள். நாம் பார்ப்பது எப்படி? விளக்கின் ஒளி பொருளில் பட்டு நம் விழித்திரையை அடைகிறது. காலம் திரும்பியவனுக்கு இதுவும் தலைகீழாகத்தானே நடக்க வேண்டும்? அவன் விழித்திரையிலிருந்து ஒளி கிளம்பிப் பொருளில் பட்டு விளக்குக்குள் போய்ச் சேரும். அவன் கண் ஒளியைப் பெறுவதே இல்லை. இருட்டில் தடவிக்கொண்டு நிற்க வேண்டியவன் அவன். படத்திலோ நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிறான்.

படத்தில் ஒரு பெண் விஞ்ஞானி, இதைப் புரிந்துகொள்ள முயலாதே, உணர்ந்து பார் என்ற பொருள்பட நாயகனிடம் சொல்கிறாள். விமர்சகர் சிலர் இதையே படம் பார்க்கும் முறையாக எடுத்துக் கூறினார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்றிரவே ஒரு நினைப்பும் வந்தது. ஆறேழு ஆண்டுகளாக வகுப்பில் என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை என்று ஒரு வரி எழுதிப்போட்டு, “இப்போதைக்குச் சூத்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு புரியும்” என்று கடந்து போனவன் நானேதான். அந்தப் ‘பிறகு’ எந்தப் பருவத்திலும் வரவில்லை. மறுவாரம் நூறு காசுகளை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். குலுக்கிப் போட்டுத் தலை, பூ எண்ணியதிலேயே மணி அடித்துவிட்டது. அந்த மாணவன்தான் கரும்பலகையில் கணக்கு வைத்தான்.

படத்தை இரண்டாம் முறை, வசனத்தை எழுத்தில் காட்டும் வசதியுடன் பார்த்தேன். ஆஸ்லோ விமான நிலையக் கிடங்கில் முகமூடிக்காரனோடு நடக்கும் சண்டையை வாசகர்களும் இருமுறை பார்க்கலாம். முகமூடிக்குள் இருப்பவன் யாரென்று தெரிந்தபின் அவனுடைய பக்கமிருந்து பாருங்கள். முதலில் தாக்குதலாகத் தெரிந்த அசைவுகள் தப்பிக்கும் முயற்சிகளாகத் தெரியும்.